வடக்கே மழை இல்லை

அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாள் முதல் அம்மாவுக்கு வடக்குச் சமவெளியின் வானிலையைத் தவிர வேறு கவலை இருக்கவில்லை. அக்கா ஒரு பர்மாக்கார வாத்தியாரைக் கட்டிக்கொண்டு மேல் பர்மாவுக்குப் போனவள். அங்கே சண்டை வந்ததும் இருவரும் வீட்டை விட்டு வெளியேறி, ஒரு கடலைக்காட்டின் ஓரம் பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். போன் லைன் கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அத்தான் எங்கேயாவது லைன் கிடைக்கும் இடம் தேடிப் போய்ப் பேசுவார். மற்ற நாட்களில் அவள் இருக்கும் திசையிலிருந்து எங்களுக்கு வந்த ஒரே சேதி, அங்கே வெயிலா குளிரா என்பதுதான்.

ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் வேலை முடிந்து திரும்புவது சாயங்காலம் ஆறு மணிக்கு. அம்மா சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டாள். "மோலேவதா என்னடா சொல்றான்?" என்பாள். வானிலை அறிக்கைக்கு இங்கே பர்மியச் சொல் அது. கடைத்தெருவில் மீன்காரியோடு பர்மிய மொழியில் சண்டை போட்டு ஜெயிக்கிற அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ரேடியோவில் வாசிக்கிறவனின் பெரிய பெரிய வார்த்தைகளும் புரியாது. எனக்கோ தமிழைவிட அதுதான் சுலபம். வாடகைப் பத்திரம், டாக்டர் சீட்டு, எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் எங்கள் வீட்டில் தமிழாகும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மார்கழியில் ஒரு நாள், வடக்கே பத்து டிகிரி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அம்மா போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தாள். மகள் குளிரில் கிடக்கும்போது தனக்கென்ன போர்வை என்று பிடிவாதம். இரண்டு நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு பத்தை நான் பதினேழாக்கினேன். அம்மா முகம் தெளிந்து ரசம் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க மேல் பர்மாவில் ஒருவரும் நடுங்காமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மாசி முடியும் சமயம். பங்குனிக் கடைசியில் பிரசவம் என்று கணக்கு. வெளியூர் பஸ்கள் புறப்படும் ‘கேட்’டிலிருந்து வடக்கே போகும் ஒன்றில் ஒரு மூட்டை அனுப்பலாம், டிரைவர் அத்தானுக்குத் தெரிந்தவர் என்று ஏற்பாடாயிற்று. அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டாள். வழக்கம்போலப் போனைப் பார்த்தேன். வரும் பத்து நாட்களில் வடக்குச் சமவெளியில் ஆங்காங்கே இடியுடன் பருவம் தப்பிய மழை, பலத்த காற்று, சில இடங்களில் ஆலங்கட்டி.

"வானம் தெளிவா இருக்காம். நல்ல வெயிலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. பழகிப்போன வாய்.

அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுக்கு, மிளகு, பெருங்காயம், பிள்ளையைச் சுற்றுவதற்காகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தன் பழைய சேலைகளின் கிழிசல்கள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை இழுத்தாள். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் அன்று காலைதான் வாங்கியிருக்கிறாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பிள்ளை பொறக்கறதுக்கு முந்தி புதுசு எதுவும் போகக் கூடாது. அதான் யோசிக்கிறேன். ஆனா மழை வரும்னா சொல்லு, சாமி மன்னிச்சுக்கும், வச்சிடலாம்."

ஒரே ஒரு சொல் போதும். வரும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்னதை மாற்றினால், நேற்றைக்குச் சொன்னது என்ன, மார்கழி முழுக்கச் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். எனக்குப் பசி வேறு.

"அதான் இப்பவே சொன்னேனேம்மா, மழை இல்லைன்னு. எத்தனை வாட்டி கேப்ப?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா தார்ப்பாயை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மூட்டையில் அதற்கென்று விட்டிருந்த இடத்தில் இன்னும் நாலு பழந்துணிகளைத் திணித்தாள். புதுசு போகாமல் தப்பித்தது என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. மறுநாள் காலை மூட்டையை பஸ் ‘கேட்’டில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே, சும்மா கிடப்பானேன் என்று தார்ப்பாயை எங்கள் அடுப்படித் தகரத்தின்மேல் கட்டச் சொன்னாள். கட்டினேன்.

பங்குனி நடுவில் அத்தான் போன் செய்தார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பர்மிய மொழியில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. மூட்டை வந்து சேர்ந்த நாலாம் நாள் காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கல்மழை. அந்தப் பயத்தில் அக்காவுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. சுற்றுவதற்கு ஒரு துணிகூடக் காய்ந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வரை மூச்சு இருந்தது. அக்கா இருக்கிறாள், பேசுவதில்லை.

அத்தனையும் உள்ளபடி சொன்னேன். குறைத்துச் சொல்ல அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"அத்தனை துணி வச்சேனே," என்றாள் அம்மா. "ஒண்ணு கூடவா காயல?"

அதற்குப் பிறகு அவள் வானிலையைக் கேட்பதில்லை. நான்தான் சாயங்காலமானால் போனை எடுத்து வடக்குச் சமவெளியைப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வைத்துவிடுவேன். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்திரைக் கடைசியில் ரங்கூனில் முதல் மழை அடித்தது. வருஷாவருஷம் அடுப்படியில் மூன்று இடத்தில் பாத்திரம் வைப்போம். இந்தத் தடவை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நீலத் தார்ப்பாயின்மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் இறங்கவில்லை. இப்போதாவது சொல்லிவிடுவோம், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்து, "அம்மா, அன்னைக்கு அந்த மோலேவதா..." என்று தொடங்கினேன்.

"அவன் நாசமாப் போக," என்றாள் அம்மா. "மழை இல்லைன்னு வாய் கூசாம சொன்னானே, அவன் வீட்டுல புள்ளை குட்டி இல்லையா?" பிறகு என் தட்டைப் பார்த்தாள். எழுந்து வந்து இடது கையால் என் தலையைத் தடவினாள். "நீ சாப்பிடுடா. நீ என்ன பண்ணுவ? அவன் சொன்னதத்தானே நீ சொன்ன?"

"ஆமாம்மா," என்றேன்.