மூலை ஒட்டாத லேபிள்

கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் இறங்குகிறது. இடது கை ரவைப் பாக்கெட்டை அணைத்துக்கொள்ள, வலது கை மெதுவாக உரிக்கிறது. மேலே ஒட்டிய தாளில் ஒரு தேதி. அடியில் இந்தியாவிலேயே அச்சடித்த தேதி. இரண்டும் ஒத்துப்போனால் பாக்கெட் கூடைக்குப் போகும். இல்லையென்றால், ஸ்டிக்கர் பாதி தொங்க, அலமாரிக்கே திரும்பும்.

“அக்கா, அது ரவை. சுரண்டறதுக்கு லாட்டரி டிக்கெட் இல்ல” என்கிறார் கடைக்காரர் ஜம்புநாதன்.

“பரிசு விழுதான்னுதான் பாக்கறேனுங்க.” நகம் நிற்பதில்லை.

தனபாக்கியம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கணவர் மயில்சாமிக்கு மருந்து கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி மாத்திரையையும் தனபாக்கியம் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே விழுங்குவார். ‘நேச்சுரல்’ என்று எழுதியிருந்தால் சந்தேகம் கூடும். “வெண்டைக்கா மேல யாராச்சும் அப்படி எழுதி ஒட்டறாங்களா?” வட்டத்துக்குள் ‘யு’ போட்ட யூதர்களின் முத்திரைக்கு மட்டும் மரியாதை. “பன்னிக்கொழுப்பு கலக்க உடமாட்டாங்க. அவங்க பூசாரி நேர்ல போய்ப் பாக்கறாராமா.”

ஊரார் லேபிளையெல்லாம் உரித்தவர், தாமே ஒரு லேபிள் எழுத வேண்டி வந்தது.

போன வருடம் பள்ளியில் நடந்த பலநாட்டு உணவு விழாவுக்கு மகள் வெண்பா அம்மா சுட்ட முறுக்கைக் கொண்டுபோனாள். என்ன மாவு என்று டீச்சர் கேட்டார். அரிசியும் பொட்டுக்கடலையும் என்று அம்மா சொன்னது நினைவிருந்தது. அவளுக்குத் தெரிந்த கடலை வேர்க்கடலைதான். “ரைஸ் அண்ட் பீநட்” என்றாள். வகுப்பில் எமிலிக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு கடி கடித்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். சுற்றிய ஃபாயில் பிரியாமலே தட்டு வீடு திரும்பியது.

இந்த வருடம் முன்கூட்டியே சொன்னாள்: “ஜஸ்ட் பை குக்கீஸ், அம்மா. ப்ளீஸ்.”

“அதுல என்ன போட்டிருக்கான்னு உனக்குத் தெரியுமாக்கும்?”

அகராதியில் பொட்டுக்கடலைக்குச் சரியான ஆங்கிலச் சொல்லைப் பிடித்துவிட்டார். ஆனால் அவர் பலகாரம் சுடுவது கடலை எண்ணெயில். வாணலி, கரண்டி, அச்சு எல்லாம் அதில் ஊறியவை. எண்ணெயை மாற்றினால் போதாதா என்றார் மயில்சாமி. “நல்லாக் கழுவிக்கலாம். யாரு வந்து பாக்கப்போறாங்க?”

“நான் பாப்பனில்லீங்க? அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

புது வாணலி வந்தது, புதுக் கரண்டி, சோள எண்ணெய். அச்சு ஜம்புநாதன் கடையில் கிடைத்தது. அதிலிருந்த ஸ்டிக்கரையும் விடவில்லை. “அச்சுக்கு ஏதுக்கா எக்ஸ்பைரி?” என்றார் அவர்.

லேபிளை மயில்சாமியிடம் காட்டி ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டார். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, எள், உப்பு, வெண்ணெய், சோள எண்ணெய். எங்கள் வீட்டில் வேர்க்கடலை உண்டு. இந்தப் பாத்திரங்களில் பட்டதில்லை. பொட்டுக்கடலையைப் பாக்கெட்டில் அடைத்த இடத்தை நான் பார்க்கவில்லை.

கடைசி வரியைப் படித்ததும் வெண்பா அலறினாள். “நோபடி ரைட்ஸ் தட்! யாருமே சாப்பிட மாட்டாங்கம்மா!”

“பாக்காததைப் பாத்தேன்னு எழுதச் சொல்றியா?”

டப்பாவின் கண்ணாடி மூடிமேல் லேபிளை ஒட்டினார். மூன்று மூலைக்குப் பசை தடவி, உரித்துப் பார்க்க நினைப்பவருக்கென்று ஒன்றை விட்டுவிட்டார்.

விழா மேசையருகே எமிலியின் அம்மா நின்று, ஒவ்வொரு தட்டாக விசாரித்துக்கொண்டிருந்தார். தனபாக்கியத்தின் கையிலிருந்த முறுக்கு டப்பாவுக்கு வந்தபோது வெண்பா அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கடைசி வரியில் சற்று நின்றார்; மறுபடி படித்தார். எமிலிக்கு மட்டும் வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கலாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் தானாகவே லேபிளின் ஓரத்தைத் தேடிற்று. அது ஒட்டிய மூலை.

தனபாக்கியம் டப்பாவைத் திருப்பி, ஒட்டாத மூலை அவர் பக்கம் வரும்படி, இரண்டு கையாலும் கொடுத்தார்.