முகமூடிக்காரரும் தண்ணீரூற்றுப் பசுவும்

போன சனிக்கிழமை என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை. ஆண்டுவிழா. விழா என்றால் பட்டிமன்றம் இல்லாமலா? நான் சீறி விழுகிறவள் என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளைப் போய் நடுவில் இருத்த எப்படித் துணிந்தார்களோ… வேறு ஒருவரும் அகப்படவில்லைப் போலும்.

வாசிகசாலைத் தலைவர் நடராசா அண்ணைதான் போன் எடுத்தார்.

“தங்கச்சி, தலைப்பு புதுசு. பெடியள் விருப்பப்பட்டுக் கேட்டவங்கள். கொமிக்ஸ் புத்தகங்களில முகமூடி போட்டுக்கொண்டு கள்ளரைப் பிடிச்சு அடிக்கிறவை இருக்கினம் எல்லே… அவை நாயகரோ, எதிர்நாயகரோ?”

“ஏன் அண்ணை, மாமியாரோ மருமகளோ எண்டதெல்லாம் அலுத்துப் போச்சுதோ?”

“சரியா அலுத்துப் போச்சுது. நீங்கள் வாங்கோ. உங்களுக்குக் கொமிக்ஸ் பைத்தியம் எண்டு கேள்வி.”

கேள்விப்பட்டது சரிதான். ஐம்பது வயது தாண்டியும் கொமிக்ஸ் வாசிக்கிற பெண் நான். எத்தனை இடப்பெயர்வில் எத்தனை பெட்டி தொலைந்தது! தங்கச் சங்கிலிக்கு அழுததைவிட அந்தப் புத்தகங்களுக்குத்தான் நான் கூட அழுதேன். இப்போது மறுபடி சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். ஆகவே ஓம் என்றேன்.

எதிர்நாயகன் என்றால் வில்லன் இல்லை. நல்லதைச் செய்ய நினைப்பான், வழிதான் கோணல். பொலிசையும் நம்பமாட்டான், நீதிமன்றத்தையும் நம்பமாட்டான். தானே பிடிப்பான், தானே விசாரிப்பான், தானே கையைக் காலை முறிப்பான். வாசிக்கிற நாங்கள் ‘போடு, இன்னும் ரெண்டு போடு!’ என்று பக்கத்தைத் திருப்புவோம். பொய் சொல்வானேன், நானும் அப்படித்தான் திருப்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. எங்கள் பக்கத்தில் முகமூடி என்றதும் வயதானவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு ஆள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யுத்த காலத்தில் ஆமிக்காரர் வரிசையில் நிறுத்திய சனத்துக்கு முன்னால் அவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். யாரைப் பார்த்து அவன் தலையை ஆட்டினானோ, அந்தப் பிள்ளை அதோடு சரி. தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். நாயகனா எதிர்நாயகனா என்று அவனைப் பற்றி ஒருவரும் பட்டிமன்றம் வைத்ததில்லை.

சரி, விழாவுக்கு வருவோம்.

நான் போய் இறங்கியபோது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் வசந்தி. விழாவுக்குத் தேத்தண்ணிப் பால் அவளுடைய மாட்டுப்பால்தான் என்று நடராசா அண்ணை அறிமுகப்படுத்தினார். பின்சீட்டில் பால் கானை மடியில் அணைத்தபடி அவளுடைய கணவர் யோகநாதன். நாற்பது வயது இருக்கும். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவள் கானை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் வரவில்லை.

“வாங்கோவன் தம்பி, கதிரை கிடக்கு” என்றேன்.

“இல்லை அன்ரி, நான் இதில நிக்கிறன். காத்துப் படும்” என்றார். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியோடு ஒட்டி நின்றுகொண்டார்.

பட்டிமன்றம் தொடங்கியது. நல்ல சனம். உள்ளே இடம் போதாமல் வெளியிலும் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். எதிர்நாயகர் அணியில் ஒரு உயர்தர வகுப்பு ஆசிரியை வந்து, ‘சட்டத்தைக் கையில் எடுத்தவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் நாயகன் ஆகான்’ என்று அழகாக, நிதானமாகப் பேசினார். அழகாகவும் நிதானமாகவும் பேசினால் யார் கைதட்டுகிறார்கள்?

அடுத்து ரமணன். நாயகர் அணித் தலைவர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளை. வாட்டசாட்டம். நல்ல கணீர்க் குரல். வாசிகசாலைக்கு ஓடியாடி வேலை செய்கிறவன் என்று எனக்கு முதலே சொல்லியிருந்தார்கள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

“சட்டம் நித்திரை கொண்டால் ஆராவது ஒருத்தன் முழிச்சிருக்கத்தானே வேணும்? எங்கட மாடு களவு போனது. ஆர் பிடிச்சது? கேட்டுக் கேட்டு வாய் உளைஞ்சதுதான் மிச்சம்!”

கைதட்டல். அவனுக்கு உசார் ஏறிவிட்டது. முகமூடி வீரன் ஒருவன் கள்ளனைப் பிடிக்கிற காட்சியை நடித்தே காட்டினான். இல்லாத ஒருவனின் சேர்ட்டைப் பிடித்து உலுப்பினான்.

“கேள்வி நான் கேப்பன்! பதில் மட்டும் நீ சொல்லு!”

கூரை அதிரக் கைதட்டல். விசில் வேறு. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் பின்பக்க யன்னலில் யோகநாதனின் முகம் தெரிந்தது. அடுப்படியில் நின்ற வசந்தியிடம் எதையோ சொன்னார். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். ஏதோ சரியில்லை என்று எனக்கு மனம் சொன்னது.

வசந்தி கதிரைகளுக்கு நடுவால் நடந்து மேடைக்கு முன்னால் வந்தாள்.

“அன்ரி, நான் ஒரு கேள்வி கேக்கலாமோ?”

நடராசா அண்ணை, “பிள்ளை, பார்வையாளர் கேள்வி கேக்கிற ஒழுங்கு இல்லை…” என்று எழும்பினார். நடுவர் நான். “கேளுங்கோ” என்றேன்.

அவள் ரமணனைப் பார்த்தாள். “நீங்கள் சொன்ன புத்தகங்களில அடிக்கிறவருக்குப் பேர் இருக்கு. அடி வாங்கிறவனுக்குப் பேர் இருக்கோ?”

ரமணன் சிரித்தான். “அது கள்ளன்தானே அக்கா.”

“கள்ளன் எண்டு ஆர் சொன்னது?”

“அது… வாசிக்கிற எங்களுக்குத் தெரியும்தானே. படத்திலயே போட்டிருக்கும்.”

“அங்க படம் கீறினவருக்குத் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். எங்கட ஒழுங்கையில நிண்டவைக்கு ஆர் படம் கீறிக் குடுத்தது?”

அவனுடைய சிரிப்புப் போய்விட்டது. வசந்தி நிறுத்தவில்லை.

“என்ர மனுசனுக்குப் பேர் இருக்கு. யோகநாதன். தண்ணீரூற்று ஊரில இருக்கிற என்ர அப்பா எனக்குத் தந்த மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தவர். ஏத்தி வந்த சின்ன லொறிக்காரன் ரோட்டு சரியில்லை எண்டு சந்தியில இறக்கிப்போட்டுப் போயிட்டான். பொழுதுபட நடந்து வந்தவர். ஹெல்மெட்டைக் கழட்டாமல் நாலைஞ்சு பேர் மறிச்சவை. முதலில மாட்டின்ர குறியைத்தான் பாத்தவை…”

குறி என்றால் இங்கே மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தொடையில் சுட்டிருக்கிற எழுத்து. மாடு பேசாதுதானே; யாருடையது என்று அதுதான் பேசும். அந்தப் பசுவின் தொடையில் இருந்தது வசந்தியின் தகப்பனுடைய எழுத்து. மகளுக்குக் கொடுக்கிற மாட்டுக்குப் புதுக் குறி சுடுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. தகப்பன் குறியோடுதான் அது மகள் வீட்டுக்கு வரும். கொடுத்தவரின் பெயரும் கூட வரட்டும் என்று ஒரு பாசம். அந்தப் பாசம்தான் வினையாகப் போனது.

“உன்ர பேர் என்ன எண்டு கேட்டவை. சொன்னவர். குறியில வேற எழுத்து. மாமான்ர மாடு எண்டு சொன்னவர். ‘எல்லாக் கள்ளனுக்கும் ஒரு மாமா இருப்பார்’ எண்டு சிரிச்சவை. போன் எடுத்துத் தாறன், மாமாவோட கதையுங்கோ எண்டு கெஞ்சினவர். அப்ப ஒரு ஆள் சேர்ட்டைப் பிடிச்சு உலுப்பிச் சொன்னது…”

அவள் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சற்று முன்புதான் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போனது. வேப்பமரத்தடியில் நின்ற மனிதனுக்கும் கேட்டிருக்கிறது.

ரமணன் கையில் மைக் இருந்தது. அதை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தான்.

“நீங்கள் ஏன் பொலிசுக்குப் போகேல்லை?” என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி.

“ஆருக்கு எதிராப் போறது அன்ரி? ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆரும் சொல்லமாட்டினம். நாங்கள் இஞ்சதானே இருக்கவேணும். எனக்கு ஒருத்தரையும் பிடிச்சு மறியல்ல அடைக்க வேண்டாம். இப்ப அவர் தனிய ரோட்டுக்குப் போறேல்லை. பின்னால மோட்டர்சைக்கிள் சத்தம் கேட்டால் வேலிக்கரையில ஒதுங்கி நிக்கிறார். செய்தவர் ஹெல்மெட்டைக் கழட்டிக்கொண்டு அவருக்கு முன்னால வந்து, பிழை எண்டு ஒரு சொல் சொல்லட்டும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

எவ்வளவு சின்ன விலை! கொடுத்திருக்கலாம். வாசலுக்கு வெளியேதான் அந்த மனிதர் நிற்கிறார்.

நாயகர் அணி நிலத்தைப் பார்த்தது. நடராசா அண்ணைக்கு வியர்த்துக் கொட்டியது. கெட்ட மனிதர் இல்லை அவர். விழா குழம்பக் கூடாது என்று பதறுகிற மனிதர். ரமணனிடமிருந்து மெதுவாக மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

“நடந்தது நடந்துபோச்சுது. பெடியளும் ஊருக்கு நல்லது செய்ய எண்டுதான் வெளிக்கிட்டவங்கள். இனி இப்பிடி நடக்காமல் பாக்கவேணும். எனக்கு ஒரு யோசனை. அந்த மாட்டுக்கு யோகநாதன்ர பேரிலயே புதுக் குறி ஒண்டு சுட்டுவிடுவம். வாசிகசாலையே பொறுப்பெடுத்துச் செய்யும். பிறகு ஒருத்தருக்கும் சந்தேகம் வராதுதானே?”

சிலர் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தட்டினார்கள்! பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்.

வசந்தி அவரிடம் திரும்பினாள்.

“அடிச்சது ஆக்கள்… சூடு மாட்டுக்கோ?”

அவ்வளவுதான். திரும்பி நடந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு என்ன? தேத்தண்ணி இடைவேளை. பால் தேத்தண்ணி. யாருடைய மாட்டுப்பால் என்று சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஊதி ஊதிக் குடித்தார்கள். என் கையிலும் ஒரு கிளாசைத் தந்தார்கள். ஆறும் வரைக்கும் வைத்திருந்தேன், பிறகு அப்படியே மேசையில் வைத்தேன். அந்த ஆசிரியை மட்டும் அடுப்படிக்குப் போய் வசந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் வெளியே போனேன். யோகநாதன் அதே இடத்தில் நின்றார்.

“தம்பி, உங்களுக்குச் சரியாத் தெரியுமோ? அந்தக் குரல்தானோ?”

“குரல் மறக்குமே அன்ரி.” கோணிய மணிக்கட்டை மற்றக் கையால் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். “பகிடி என்னெண்டால்… மாட்டுக் கள்ளரைப் பிடிக்கப் பெடியள் காவல் நிக்கினம் எண்டு கேள்விப்பட்டு நான் சந்தோசப்பட்டனான். அவங்கள் நிக்கிறாங்கள்தானே, பயமில்லை எண்டுதான் பொழுதுபட்டும் அந்த ஒழுங்கையால மாட்டைக் கொண்டு வந்தனான்.”



கொமிக்ஸ் புத்தகங்களில் ஆள் மாறி அடி விழுவது மிகக் குறைவு, கவனித்திருக்கிறீர்களா? முதல் பக்கத்திலேயே இருட்டுச் சந்தில் ஒருவன் அடிபட்டு விழுவான். அவன் மாமா வீட்டுக்குப் போய் வருகிறவனா, மனைவிக்கு மாடு கொண்டு போகிறவனா என்று நாங்கள் கேட்பதில்லை. அடுத்த பக்கத்தில் அவன் இருக்கமாட்டான். மணிக்கட்டு கோணியதோடு அவன் எப்படிப் பால் கறக்கிறான் என்று கீற ஒருவருக்கும் நேரமில்லை. கீறினால் அந்த வீரக்கதையை நாங்கள் வாங்குவோமா?

நாங்கள் பேசிக்கொண்டு நிற்கும்போதே மண்டபத்துப் பின்வாசலால் ரமணன் வந்தான். எங்களைக் கண்டான். கண்டு, ஒரு கணம் நின்றான். வருவான் என்று நினைத்தேன். வா பிள்ளை, ஒரு சொல்தானே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவன் மோட்டர்சைக்கிளில் ஏறி, ஹெல்மெட்டைத் தலையில் போட்டு, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு போனான். ஹெல்மெட் போடுவது சட்டம். சட்டத்தை மதிக்கிற பிள்ளை.

இஞ்சின் சத்தத்துக்கு யோகநாதன் வேலிக்கரையோடு ஒதுங்கி நின்றார்.

இடைவேளைக்குப் பிறகு என்னைத் தீர்ப்புக்குக் கூப்பிட்டார்கள். சபை ஆவலாக இருந்தது. நாயகனா, எதிர்நாயகனா? ‘இண்டைக்குத் தீர்ப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நடராசா அண்ணைக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் விழுந்து கிடந்தவனின் முகத்தைத் தேடினேன். முதுகுதான் கீறியிருந்தார்கள்.

ஆகவே, பட்டிமன்றத்து அன்பர்களே, பிந்திய தீர்ப்பு இதோ. அடித்தவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று பிறகு ஆறுதலாகப் பார்ப்போம்… முதலில் அடி வாங்கினவனின் பெயரை ஒருமுறை கேளுங்கள்.