மாமியார் நாக்கில் விழுந்த துணுக்கு

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்தபோது அங்கிருந்த மாதாகோயிலில் மாதத்துக்கு ஒரு பூசைதான். சாமியார் மலையேறி வந்து சேரும்வரை, நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் காத்திருப்போம். அப்பமாக வரும் ஆண்டவர் வெறும் வயிற்றில்தான் இறங்குவார் என்பது அன்றைய சட்டம்.

பூசையில் எங்களுக்கு அப்பம் மட்டும். திராட்சை ரசம் சாமியாருக்கு. கங்காணியான என் மாமனாருக்கு இதில் தீராத மனக்குறை. அப்பத்திலேயே ஆண்டவரின் இரத்தமும் அடக்கம் என்று சாமியார் எத்தனை முறை விளக்கினாலும், பிறகு அவர் ஏன் தனியாகக் குடிக்கிறார் என்று வீட்டுக்கு வந்து கேட்பார்.

நன்மை வாங்குவதிலும், அதாவது அந்த அப்பத்தை நாக்கில் வாங்குவதிலும், எங்களுக்கு வரிசை உண்டு. பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதியின் வலது ஓரத்தில் முதலில் மாமியார் முழந்தாளிடுவார். அடுத்து நான். எனக்கப்புறம் காய் பறிக்கும் பெண்கள். சாமியார் வலதிலிருந்து கொடுத்துக்கொண்டு போவார். வீட்டில் எனக்கு இந்த இரண்டாம் இடம்கூடக் கிடையாது. எல்லோரும் தின்று முடித்தபின் சட்டியின் அடியில் ஒட்டியதுதான்.

ஒரு மழைக்காலத்தில் புதுச் சாமியார் வந்தார். எங்கள் முறை தெரியாமல் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். கூட்டம் அதிகம், கொண்டுவந்த அப்பமோ கொஞ்சம். பாதி வழியில்தான் அவருக்கே தெரிந்து, பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். எனக்குப் பாதி வந்தது. மாமியார் நாக்கில் ஒரு துணுக்கு விழுந்தது.

பூசை முடிந்ததும் மாமியார் அவரை மறித்தார். "காய் பறிக்கிறவளுக்கு முழுசு, எனக்குத் தூளா சாமி?"

துணுக்கிலும் முழு ஆண்டவர் இருக்கிறார், பெரிதுக்கும் சிறிதுக்கும் வித்தியாசமே இல்லை என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்படின்னா அடுத்த மாசம் அவளுகளுக்குத் தூளைக் குடுங்க. எனக்கு முழுசைக் குடுங்க."

சாமியார் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூசை நாளில் மட்டும் பசி தாங்காமல் எல்லோரும் சேர்ந்தே உட்காருவோம். அன்று சோறும் கருவாட்டுக் குழம்பும். மாமியாரின் கோபம் முழுக்க என் தட்டில் இறங்கியது. ஒரு கைப்பிடிச் சோறு, ஒரு மீன்வால். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் தட்டையே பார்ப்பதைக் கண்டு மாமியார், "துணுக்குல முழுசும் இருக்குன்னு சாமி சொன்னாருல்ல?" என்றார்.

அழுகை வந்தது. அதை ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அப்ப நம்ம தட்டை மாத்திக்கிடுவோமா அத்தை?"

மாமனாரின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.  ஆனால் மாமியார் அகப்பையை எடுத்து என் தட்டு நிறையச் சோற்றைப் போட்டார்.

"அது கோயில்ல. இது பசிக்குத் திங்கிறது" என்றார்.

கல்யாணமாகி வந்தபின் அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.