எண்ணூருக்குப் போகாமல் எழுதிய செய்தி

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதும் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நேரில் போகாமல் ஒரு வரியும் எழுதாதே என்பது.

இன்று மாணவி எஸ்தரோடு எண்ணூர் பஸ்ஸில் போனேன். மீன்கூடையோடு பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், "இவரு பேப்பர்ல எழுதறவரு" என்று என்னைக் காட்டினாள்.

"புயல்ல எங்க குப்பத்துக்கு ஒண்ணும் ஆவலன்னு பேப்பர்ல போட்டாங்கோ. அத்த நம்பி சர்க்காரு அரிசிகூட தர்ல. எய்தன ஆளு எப்போ வந்தான் சார்? எங்க கண்ணுல படலியே."

எழுதியவன் நான்தான். ராயபுரம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எஸ்தர் நோட்டைத் திறந்து, "யாருன்னு விசாரிச்சு நான் எழுதறேன்க்கா" என்றாள்.

அவள் கட்டுரையைத் திருத்த வேண்டியவனும் நான்தான். எந்த வரியை அடிப்பது என்று, நான் இதை ஒட்டியிருக்கும் இந்தப் படிப்பகப் பலகையிலேயே எழுதுங்கள். அவளும் இதைத் தினமும் படிக்கிறவள்தான்.