மீனின் விருப்பம்

பிரெஞ்சு பேசும் லவால் நகரில் ஒரு மீன்பிடிச் சாமான் கடை. சுவர் முழுக்கப் பொய் இரைகள் தொங்குகின்றன: ரப்பர் புழு, ரப்பர் தவளை, மினுங்கும் தகரக் குஞ்சுமீன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மரியதாஸ் முக்கால் மணி நேரமாக அவற்றின் முன் நிற்கிறார். மன்னாரில் தலைமுறைகளாகக் கடலுக்குப் போன குடும்பம். இங்கே டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அந்தக் குடும்பப் பெருமையைத் தன் மேற்பார்வையாளரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அவரும் தன் வீட்டுப் பக்கத்துச் சின்ன ஏரிக்கு இரண்டு கோடையாக அழைத்துப் பார்த்தாயிற்று. இவர் தூண்டிலில் ஒரு பாஸ் மீன்கூட மாட்டவில்லை. நாளை மூன்றாவது அழைப்பு.

நான் ஓர் ஊதாப் புழுவை நீட்டுகிறேன். மீனைப் பற்றி நிறையப் படித்தவன் நான், சமையல் புத்தகங்களில்.

"உங்களுக்குப் பிடிச்சதை எடுக்கிறியள், அண்ணை. கடிக்கப் போறது நீங்களே?" என்கிறார் மரியதாஸ்.

"கடலோடிக் குடும்பம், உங்களுக்குத் தெரியாதா?"

"நாங்கள் வலை போட்ட ஆக்கள். அதிலை மீனிட்ட விருப்பம் கேக்கிற வழக்கமே இல்லை."

அடுத்த வரிசையிலிருந்து கூடை நிறையப் பொய் இரைகளோடு ஒருவர் வருகிறார். மரியதாஸ் என் கையைக் கிள்ளுவதிலிருந்து அது மேற்பார்வையாளர் என்று புரிகிறது. எங்களைப் பார்த்ததும் கூடை அவர் முதுகுக்குப் பின்னால் போகிறது. "போன்ஜூர்" சொல்லிவிட்டு, விற்பனைக்கு வைத்திருக்கும் கூடாரங்களை மிகுந்த அக்கறையோடு பார்வையிட்டபடி நழுவுகிறார்.

மரியதாஸ் கைக்கு எட்டிய ஒன்றைப் பார்க்காமலே உருவிக்கொள்கிறார்.

"வாங்கோ அண்ணை, போவம். அந்தாளுக்கும் ஒண்டும் கடிக்கிறேல்லை."