ஐஸ்காரர் ஹெஸ்கேல் நோன்பை முடிக்காத ஆண்டு

ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தைக்குப் பின்னால் எங்கள் முற்றம். ஏழு யூதக் குடும்பங்கள், நடுவில் ஒரு மழைநீர்க் கிணறு. மூலை அறையில் ஹெஸ்கேல் குடியிருந்தார். ஐஸ் வண்டிக்காரர். விடிவதற்கு முன்பே ஐஸ் தொழிற்சாலைக்குப் போய், கட்டிகளைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வீடு ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பார். வண்டியை இழுக்க ஒரு கோவேறு கழுதை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே குணம்.

ஐந்து வயதில் உர்ஃபா ஊரிலிருந்து தகப்பனோடு வந்தவர். படிப்பு ஏறவில்லை. தொழுகைக்கூடத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டுவார். நாங்கள் அந்தப் பக்கத்தை முடித்து இரண்டு பக்கம் தள்ளிப் போயிருப்போம். வேதச் சுருளின் முன் நிற்கும் மரியாதையை ஏலம் விடும்போது அவரால் விலை சொல்ல முடியாது. பாட்டுக் குரலும் கிடையாது.

ஆனால் பட்டினி கிடக்கத் தெரியும். வருடத்தில் ஆறு நோன்பு. பதின்மூன்று வயதிலிருந்து ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. அதிலும் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள், கோயில் இரண்டு முறை இடிந்த நாள், கோடை உச்சத்தில் வரும். முதல் நாள் சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் நட்சத்திரம் தெரியும் வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளியல் இல்லை, தோல் செருப்பு இல்லை. நண்பகல் வரை தரையில்தான் உட்கார வேண்டும். பதினோரு மணிக்கெல்லாம் நான் வாடிய கீரை மாதிரி கல்தரையில் கிடப்பேன். ஹெஸ்கேலோ மருத்துவமனைக்கும் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கும் ஐஸ் சுமந்துகொண்டிருப்பார். அதற்கு மட்டும் அன்று காலையிலும் வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தார். உருகிய தண்ணீர் முழங்கை வழியாக ஓடும். உதட்டை ஈரப்படுத்தக்கூட மாட்டார்.

"ஹெஸ்கேல், சும்மா கையை ஒரு நக்கு நக்குய்யா. யாரும் பாக்கல" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நீ பாக்குறியே தையக்காரா, அது போதாதா?"

அவரிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. நோன்பன்று எங்கள் வாயைப் பார்ப்பார். ஒரு வருடம் நான் கிணற்றடியில் வாய் கொப்புளித்துவிட்டு வந்தேன், சத்தியமாக விழுங்கவில்லை. என் எதிரே வந்து நின்றார். "உதடு பளபளன்னு இருக்கு. கொப்புளிக்கவும் கூடாது, தெரியும்ல?" என்றார். முற்றம் முழுக்கச் சிரித்தது. படித்தவர்களையும் அவர் விடவில்லை. மற்ற நாளெல்லாம் தலைகுனிந்து நிற்கிற மனிதர், அந்த ஒரு நாளில் எங்கள் எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாக நடந்தார். அதை யார் குறை சொல்ல முடியும்?

ரேஷன் காலத்தில், ஐம்பத்தொன்றில், அவருடைய மகள் ஸக்கியாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஹெஸ்கேலுக்கும் அவர் மனைவி சல்ஹாவுக்கும் நான்கு பிறந்ததில் தங்கியது ஸக்கியா ஒருத்திதான். அவள் புருஷன் ரஃபூல் என் கடையில் என்னோடு தைக்கிறவன். அலெப்போவிலிருந்து தனியாக வந்தவன். தகப்பன் இல்லை. ஆகவே சுன்னத்தின்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் மரியாதை ஹெஸ்கேலுக்கு வந்தது. ஏலம் இல்லாமல் வந்த முதல் மரியாதை. செய்தி கேட்ட அன்று கழுதைக்கு ஒரு முழுக் காரட் கொடுத்தார்.

குழந்தை பிறந்தது ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் நாள் அடுத்த ஞாயிறு. அந்த வருடம் ஆவ் ஒன்பது ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுந்ததால் நோன்பும் ஞாயிற்றுக்குத் தள்ளிப்போயிருந்தது. சுன்னத்தைத் தள்ளிவைக்க முடியாது. இரண்டும் ஒரே நாள்.

வியாழக்கிழமை எங்கள் குரு, ஹகாம் அபூத், பேச வந்தார்.

"நண்பகலுக்கு வெச்சுக்கலாம். முடிஞ்சதும் சாயங்காலத் தொழுகையைச் சீக்கிரமே சொல்லிட்டு, பெத்தவனும், மடியில வெச்சுக்கிறவரும், கத்தி பிடிக்கிறவரும் சாப்பிடலாம். தள்ளிவந்த நோன்புங்கிறதால இந்தச் சலுகை. அவங்களுக்கு அது பண்டிகை நாள்" என்றார்.

ஹெஸ்கேல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஹகாம், நோன்பை ராத்திரி வரைக்கும் முடிக்கக் கூடாதுன்னு சட்டமா, முடிக்க வேண்டியதில்லன்னு சட்டமா?"

ஹகாம் தாடியைத் தடவினார். "வேண்டியதில்லன்னுதான்."

"அப்ப நான் முடிப்பேன்."

"உன் இஷ்டம். ஆனா ஸக்கியா நோன்பு இருக்க வேண்டாம். பச்சை உடம்பு, பால் வேற குடுக்கணும். தண்ணி தாராளமா குடிக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் யாராவது அவளுக்காகக் கிண்ணத்துமேல பிரிவு ஆசி சொல்லிடுங்க."

ஓய்வுநாள் முடியும்போது வாரநாளைப் பிரித்துச் சொல்லுகிற ஆசி அது. அன்றைக்கு ஓய்வுநாள் முடியும்போதே நோன்பு தொடங்கிவிடுவதால் திராட்சைச் சாற்றுக் கிண்ணம் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். நோன்பை விட்டுச் சாப்பிடுகிறவர், கிண்ணத்தை முடித்துவிட்டுத்தான் வாயில் எதையும் போடலாம்.

ஹெஸ்கேல் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் ஸக்கியா படுத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். இருட்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொழுகைக்கூடத்தின் தரையில் உட்கார்ந்தோம். ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் புலம்பல் வாசித்தார்கள். ஞாயிறு காலையும் ஒப்பாரிப் பாட்டுகள்தான், நண்பகல் நெருங்கும் வரை. பிறகு முற்றத்துக்கு வந்தோம்.

யாருக்கும் முகமன் சொல்லக் கூடாத நாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்தவர்கள் வாழ்த்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். ஹெஸ்கேல் ஓய்வுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் துணிச்செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டுத் தூக்குகிற அந்தக் கைகளால் குழந்தையின் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். வேலை நொடியில் முடிந்தது. தாவூத் என்று பெயர் வைத்தார்கள். ஆசிக் கிண்ணத்திலிருந்த உலர்திராட்சைச் சாற்றை நாங்கள் யாரும் குடிக்க முடியாதே. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். அவள் இன்னொரு வாய் கேட்டாள்.

குழந்தையைத் தாயிடம் கொண்டுபோனார்கள். நாங்கள் தொழுகை சொன்னோம். முடித்துத் திரும்பினால் குழந்தையின் அழுகை ஓயவில்லை. ரஃபூல் மேசையில் கிண்ணத்தையும் ரொட்டியையும், பிள்ளை பெற்றவளுக்கென்று ரேஷனில் கிடைத்து அவித்த முட்டைகளையும் வைத்திருந்தான். கத்தி பிடித்தவருக்கு அடுத்த தெருவில் இன்னொரு சுன்னத்து, அவர் போய்விட்டார்.

சல்ஹா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. நேரே புருஷனிடம் வந்தாள்.

"உங்க பொண்ணு மயங்கி விழப் பாத்தா. நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ராத்திரியும் காலையிலயும் நான் வெச்ச டம்ளரை ஜன்னல்ல இருக்கிற பூந்தொட்டியில ஊத்தியிருக்கா. மண்ணு சேறா கெடக்கு, போய்ப் பாருங்க."

"ஹகாம்தான் குடிக்கலாம்னு சொல்லிட்டாரே!"

"ஹகாம் சொன்னா ஆச்சா? அவ பதினோரு வயசுல, இன்னும் நோன்பே கடமையாகாத வயசுல, கிணத்துக்குப் பின்னாடி நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சா. ஞாபகம் இருக்கா? நீங்க அடிக்கல. ஒரு வாரம் அவகூடப் பேசல. அடிச்சிருந்தாக்கூட அவ மறந்திருப்பா."

ஹெஸ்கேல் திரைப் பக்கம் திரும்பினார். அந்த ஒரு வாரம் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது. அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ரஃபூல் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். "நான் ஆசி சொல்றேன் மாமா. அவ கேட்டுக்கட்டும்."

உள்ளேயிருந்து ஸக்கியாவின் குரல் வந்தது. குரலா அது, காற்று. "வேண்டாம் ரஃபூல். ராத்திரி வரைக்கும் தாங்குவேன்."

ஹெஸ்கேல் எழுந்து திரைக்கு அருகில் போனார். உள்ளே போகவில்லை. துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினார். எங்கள் வீடுகளில் ரகசியம் பேச இடம் ஏது, எல்லாருக்கும் கேட்டது.

"ஸக்கியா, ஹகாம் சொன்னார்ல?"

"சொன்னார்."

"அப்புறம் என்னம்மா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே, அப்பா."

குழந்தை வீறிட்டது. ஹகாம் அபூத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் சட்டத்துக்கு வேலை முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெஸ்கேல் திரும்பி வந்தார். ரஃபூலின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். பிரிவு ஆசிக்குப் புத்தகம் தேவையில்லை. வாராவாரம் சொல்லி மனப்பாடம். ஐஸ் விற்கிற குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொன்னார். நாங்கள் ஆமென் என்றோம். திரைக்குப் பின்னாலும் ஒரு ஆமென் கேட்டது. கிண்ணத்தை வாயில் வைத்து முழுக்கக் குடித்தார்.

"குடிச்சிட்டேன்," என்றார் சத்தமாக. "இப்ப ரொட்டி எடுக்கிறேன். நீயும் எடு."

ரொட்டியும் முட்டையுமாகச் சல்ஹா உள்ளே ஓடினாள். ஹெஸ்கேல் முதல் துண்டை மென்றுகொண்டே இருந்தார், விழுங்க முடியவில்லை. முப்பத்தெட்டு வருடம் இந்த வேளையில் மூடியே இருந்த தொண்டை. கொஞ்ச நேரம் கழித்து சல்ஹா தலையை நீட்டினாள்.

"ரெண்டாவது முட்டை கேக்குறா."

அப்போதுதான் அவருக்கு ரொட்டி இறங்கியது. தன் தட்டிலிருந்த முட்டையையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஆலிவ் காயும் ரொட்டியுமாகச் சாப்பிட்டார். கோட்டுக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆலிவ்ல உப்பு ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். குழந்தை மூன்று மணி வாக்கில் பால் குடித்துத் தூங்கியது.

நோன்பு விடுகிற நேரத்துக்கு எல்லா வீட்டிலும் ஐஸ் கேட்பார்கள் என்பதால் அன்று சாயங்காலம் வண்டிக்கு வேலை அதிகம். தலைவலியோடு நானும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெஸ்கேல் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"கால் கட்டியா, அரைக் கட்டியா? நான் சாப்பிட்டேன்."

"என்னது?" என்றாள் எதிர்வீட்டுப் போலந்துக்காரி.

"நண்பகலுக்கு அப்புறம் சாப்பிட்டேன். உங்களுக்குத் தெரியணும்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பேரன்."

"அப்ப சாப்பிட வேண்டியதுதானே, அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுற? அரைக் கட்டி குடு, உருகுது."

ஏழு வீட்டிலும் சொன்னார், அடுத்த சந்திலும் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். "தையக்காரா, நீயும் ஏதாவது சொல்லு" என்றார். எனக்கோ வாய் வறண்டு கிடந்தது. ஐஸை இறக்கி வைக்கச் சொன்னேன். இவ்வளவு வருடம் வாயைப் பார்த்து நடந்ததற்கு அவர் தனக்குத் தானே அபராதம் விதித்துக்கொண்டார் என்று ரஃபூல் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாற்றத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். நோன்பு முடிந்து பேரனுக்காக வைத்த இரவு விருந்தில் எல்லாரோடும் உட்கார்ந்து இரண்டாம் முறையும் சாப்பிட்டார், அதையும் சொல்லிவிட்டே சாப்பிட்டார்.

மறு வருடம் ஒன்பதாம் நாள் வியாழக்கிழமையில் வந்தது. தள்ளிப்போகவில்லை, சலுகையும் இல்லை. பால் கொடுக்கிற தாயும் நோன்பு இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே ஹெஸ்கேல் ஹகாம் அபூத்தின் வீட்டுக்குப் போனார். ஐஸ் போடுகிற சாக்கில் போய், முக்கால் மணி நேரம் கதவை விட்டு நகரவில்லை என்று பிறகு ஹகாமே எங்களிடம் சொன்னார்.

"பால் குடுக்கிறவ எப்படி ஹகாம் தாங்குவா?"

"எல்லாத் தாயும் தாங்குறாங்க ஹெஸ்கேல்."

"தலை சுத்தினா?"

"நிஜமா சுத்தினா குடிக்கலாம்."

"அவளுக்கு இப்பவே சுத்துற மாதிரிதான் இருக்கு."

"இன்னும் ஏழு நாள் இருக்குய்யா!"

ஸக்கியா அந்த வருடம் முழு நோன்பும் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஹெஸ்கேலும் இருந்தார், வழக்கம் போல ஐஸ் சுமந்துகொண்டே. ஆனால் இடையில் ஐந்து தடவை வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு முற்றத்துக்குள் வந்தார். வந்து வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டார்.

"தலை சுத்துதாம்மா?"

"இல்லப்பா, போங்க" என்றாள் ஸக்கியா ஐந்து தடவையும்.