யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க?

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனைகள். முதலில் ஆங்கிலம், அது முடிந்ததும் தமிழ். நடுவில் கீழே கூடத்தில் சாப்பாடு பரிமாறுவார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்றாலும், அப்பா காலத்துப் பழக்கத்தில் நான் ஆங்கில ஆராதனைக்குத்தான் போவேன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சபைக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதைவிட, ஏற்கெனவே குழுவில் இருந்த நண்பர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதே சரி.

தமிழ் ஆராதனைக்கு, நகரத்துக்கு வெளியே டெங்கில் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் சபை வேனில் வரும். அவர்கள் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது கோழி தீர்ந்திருக்கும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய மீகூன் நூடுல்ஸும் ஆறிய டீயும் மிச்சமிருக்கும். வருஷக்கணக்காக இப்படித்தான். எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் சுபாங் ஜெயாவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஒருநாள் குழுக் கூட்டம் நடக்கும்போது, வேன் குடும்பங்களில் ஒரு பெண்மணி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறவர்.

"சாப்பாடு பெரிய விஷயம் இல்ல லா, பிரதர். ஆனா பிள்ளைங்க கேக்குதுங்க, இது நம்ம சர்ச்சா, அவங்க சர்ச்சான்னு. கமிட்டியில ஒரு இடம் காலின்னு சொன்னாங்க. எங்க ஆளு ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் பேசினேன்.

"மீட்டிங் எல்லாம் இங்கிலீஷ்ல நடக்குது. வந்தா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

அக்கறையோடு சொல்வதாகவே நினைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த இடம் எங்கள் ஆராதனைக்கு வரும் ஒரு வங்கி அதிகாரிக்குப் போனது.

சில வாரம் கழித்து வீட்டு வேதபாடம் நடத்துவது என் முறை. ஆதி சபையில் பந்தி விசாரணைக்கு, அதாவது சாப்பாட்டைப் பங்கிடும் பொறுப்புக்கு, ஏழு பேரைத் தேர்ந்தெடுத்த பகுதி வந்தது. கிரேக்கம் பேசும் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. எத்தனையோ தடவை படித்ததுதான். அப்போஸ்தலர்கள் அந்த மக்களோடு வாதாடவில்லை. எங்கள் பாஷை உங்களுக்குச் சரியாக வராதே என்று கேட்கவில்லை. நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சபையிடம் விட்டுவிட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பு ஆட்களிடமே பாத்திரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

பாடத்துக்குத் தயாராகத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் பாடத்தை நடத்தினேன். ஊழியக்காரனின் தகுதிகளைப் பற்றி நன்றாகவே பேசினேன். குழுவில் நான் சொன்னதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். அந்தப் பெண்மணியின் பெயரை நானே முன்மொழிந்தேன். ஒத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் போதகர் அறிவித்தபோது நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிலர் கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி எழுந்திருக்கவில்லை.

வெளியே வேன் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க, பிரதர்?"

"நீங்கதானே சிஸ்டர் அன்னைக்கு வந்து..."

"எங்க ஆளு ஒருத்தர்னுதான் கேட்டேன். என்னைப் போடுங்கன்னு கேக்கலையே. கமிட்டி கூடுற சனிக்கிழமையில எனக்கு முக்காவாசி ஷிஃப்ட் இருக்கும். வேன்ல இருக்கிற இவங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவங்களே சொல்லியிருப்பாங்க."

வேனுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியைப் பாடமாகவே நடத்தியவன் நான். விட்டுக்கொடுக்கும்போதுகூட, யாருக்கு என்று நானே தீர்மானித்திருக்கிறேன்.

"சரி சிஸ்டர், யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"இப்பவா? எல்லாரும் பேசணும்ல. அடுத்த வாரம் சொல்றோம்."

அடுத்த வாரம் அவர்கள் சொன்னது ஒரு லோரி ஓட்டுநரின் பெயர். கை நிறையப் பச்சை குத்தியவர். முந்தின வாரம் பிரசங்க நேரத்தில் பாதி வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தவர். "இவரா?" என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அத்தனை வெட்கப்பட்ட பிறகும் அதுதான் தோன்றியது.

"எங்க வீட்டுல ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கிறவரு இவருதான்" என்றார் அந்தப் பெண்மணி. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அந்த ஏழு பேரும் நற்சாட்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று வேதம் சொல்வது இதைத்தான். ஒரே கட்டடத்துக்கு இத்தனை வருஷம் வந்துபோயும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே அந்த ஓட்டுநர், சமைத்ததும் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்துவிடலாமே என்றாராம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோன பேச்சு. கூட்டம் இப்போது பாதி தமிழில் நடக்கிறது.

கூடத்தில் என்னைப் பார்த்தால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அங்கிள்" என்கிறார். நான் அவரைப் பற்றி நினைத்தது அவருக்குத் தெரியாது. உட்கார்கிறேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.